ஒரே ஈ, இரண்டு இடத்தில்

ஷ்யாம் ஒரு பூவைப் படம் எடுத்து முடித்ததும் அதைக் கிள்ளிப் போட்டுவிடுவான். மறதியில் செய்வதல்ல. அதே பூவை இன்னொருவர் எடுத்துவிடக் கூடாது என்பதற்காகச் செய்வது.

நான் அதை முதலில் பார்த்தது போன வருடம், மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு சவுக்குத் தோப்பின் வேலியில். கண்வலிக்கிழங்குக் கொடியில் ஒரே ஒரு பூ விரிந்திருந்தது. சலூன் கடையில் இருப்பது போன்ற தண்ணீர் பாட்டிலைப் பையிலிருந்து எடுத்து, பூவின் மேல் புஸ் புஸ்ஸென்று அடித்தான். உச்சி வெயிலில் பனித்துளி தயார். வெறும் தண்ணீர் வழிந்துவிடும் என்பதால் கொஞ்சம் கிளிசரின் கலந்திருப்பதாகப் பெருமையாகச் சொன்னான். பிறகு குப்புற விழுந்தான். எந்தப் பூவானாலும் அவன் குப்புற விழுந்துதான் எடுப்பான். அடியில் என்ன முளைத்திருக்கிறது என்று பார்க்கமாட்டான். எழுந்து, சட்டையைத் தட்டிக்கொண்டு, இரண்டு விரலால் காம்பை நசுக்கினான்.

“இப்ப இது எக்ஸ்க்ளூசிவ்,” என்றான்.

“ஏன் பிச்சீங்க?” என்று கேட்டேன்.

“நாளைக்கு எப்படியும் வாடிடும் ஜெனிட்டா மேடம். என் போட்டோல அது சாகாது.”

இந்த வசனத்தை அவன் கண்ணாடி முன்னால் ஒத்திகை பார்த்திருப்பான் என்று நினைக்கிறேன்.

எங்கள் குழுவுக்குக் ‘கடலோரக் காட்டுப்பூக்கள்’ என்று பெயர். நாவலூர் அலுவலகங்களில் வேலை செய்பவர்கள் பாதிப் பேர். அணு ஆராய்ச்சி வேலைக்காக எங்கெங்கிருந்தோ வந்து கடலோரத்தில் குடியேறிய குடும்பத்தினர் மீதிப் பேர். கருங்குழியில் பிறந்து செங்கல்பட்டில் வாழ்கிறவள் நான் ஒருத்திதான். தலைவர் பாலசுப்ரமணியன் சார் ஓய்வுபெற்ற விஞ்ஞானி. அவருடைய படங்களில் பூவைவிட அவர் பெயர் பெரிதாக இருக்கும். தினமும் விடிந்ததும் அதில் ஒன்று, ஒரு தத்துவ வாக்கியத்தைச் சுமந்துகொண்டு எங்கள் போனில் வந்து விழும். எல்லோரும் கைகூப்பும் பொம்மையை அனுப்புவார்கள். நானும் அனுப்புவேன்.

வருடத்துக்கு ஒரு முறை மாமல்லபுரத்தில் ஒரு ஹாலை எடுத்துக் கண்காட்சி வைப்போம். அதற்கு ஒரே ஒரு விதி: லேசான திருத்தம் மட்டும். வெளிச்சம், நிறம், ஓரம் வெட்டுவது, கொஞ்சம் கூர்மை. இல்லாததைச் சேர்க்கக் கூடாது, இருப்பதை அழிக்கக் கூடாது. படத்தோடு ஒரிஜினல் கோப்பையும் எடுத்த இடத்தோடு தர வேண்டும். சார் தன் வரைபடத்தில் அந்த இடத்தில் ஒரு சிவப்புப் புள்ளி வைப்பார். அதை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். ஒரிஜினலைச் சரிபார்ப்பது என் பொறுப்பு. அலுவலகத்தில் மென்பொருளில் குறை கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு என்பதால் இந்த வேலை என் தலையில் விழுந்தது. கண்காட்சிக்கு முந்தைய கூட்டத்தில் ஒவ்வொரு படமாகத் திரையில் வரும். நான் எழுந்து நின்று “லேசான திருத்தம்தான்” என்று சொன்னால் அது அச்சுக்குப் போகும். சொல்லாவிட்டால் போகாது.

லேசான திருத்தம் என்றால் ஏமாற்று வேலை என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியல்ல. கேமரா ஒரு முட்டாள் சாதனம். மர நிழலில் வெள்ளை வேட்டி கட்டிய ஒருவரை எடுத்துப் பாருங்கள்: படத்தில் வேட்டி நீலம் பூத்திருக்கும். நிழலில் விழுவது பெரும்பாலும் வானத்தின் வெளிச்சம், அது நீலம். உங்கள் மூளை அந்த நீலத்தைச் சத்தமில்லாமல் கழித்துவிடுகிறது, கேமராவுக்குக் கழிக்கத் தெரிவதில்லை. விஷ்ணுகிரந்தி என்று தரையோடு படர்கிற ஒரு செடி உண்டு. அதன் பூ சுத்த நீலம். பல கேமராக்களில் அது ஊதாவாக விழும். நம் கண்ணுக்குத் தெரியாத கொஞ்சம் சிவப்பை அந்தக் கேமராக்கள் மோப்பம் பிடித்துவிடுகின்றன. அந்த ஊதாவை ஒரு நூல் அளவு பின்னால் இழுத்து நீலத்தில் கொண்டுவந்து நிறுத்துவதுதான் திருத்தம். கேமரா சொன்ன பொய்யை நீக்குகிறோம், அவ்வளவுதான். இதை நான் குழுவில் பல முறை விளக்கியிருக்கிறேன். கேட்டுவிட்டு, ஆவாரம்பூவை ஆரஞ்சுப் பழ நிறத்தில் அனுப்புவார்கள். “கொஞ்சம் பாப் ஆகணும் மேடம்,” என்பார்கள்.

இந்த வருடம் ஐப்பசி மழை ஓய்ந்த ஒரு காலையில் நான் அந்தக் கொடியைப் பார்த்தேன்.

அதற்கு ஒரு லத்தீன் பெயர் உண்டு. அதை இங்கே எழுதமாட்டேன். இடத்தையும் சொல்லமாட்டேன், முள்ளுப்புதர், மேடு என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். இந்தக் கொடியைக் கிழங்கோடு தோண்டி இணையத்தில் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். பூ விரல்நுனி உயரம்தான். அடியில் சிறு வயிறு, அதன் மேல் ஒல்லியான குழாய், உச்சியில் ஐந்து இதழ்கள் நுனியில் மட்டும் ஒட்டி ஒரு கூண்டு. சின்ன லாந்தர் விளக்கை யாரோ முள்ளில் மாட்டிவிட்டுப் போனதுபோல் இருக்கும்.

அது வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன். கொசுவைவிடச் சின்ன ஈ ஒன்று வாசனைக்கு வந்து கூண்டில் உட்காரும். உள்ளே வழுக்கல். ஈ குழாய்க்குள் விழும். குழாய்ச் சுவரில் முடிகள் எல்லாம் கீழ்நோக்கி இருக்கும். இறங்கலாம், ஏற முடியாது. கீழே வயிற்றுச் சுவரில் வெளிச்சம் புகும் மெல்லிய சன்னல்கள் உண்டு. வெளியே போகும் வழி என்று நினைத்து ஈ அங்கேயே முட்டும். முட்டும்போது மகரந்தப் பொட்டலம் ஒன்று அதன் வாயில் கிளிப் மாட்டியதுபோல் தொற்றிக்கொள்ளும். மறுநாள் முடிகள் வாடிச் சுருங்கும், பூ சாய்ந்து கொடுக்கும், ஈ நடந்தே வெளியே வரும். அடுத்த பூவில் போய் விழும். இத்தனை ஏற்பாட்டுக்கும் பிறகு, பாக்கியம் இருந்தால், இரண்டு கொம்பு போலக் காய் பிடிக்கும். அது தை வரை கொடியிலேயே காய்ந்து வெடித்தால்தான் பஞ்சு முளைத்த விதைகள் பறக்கும்.

நான் பார்த்தபோது கொடி ஒன்றுதான் இருந்தது. சுற்றிலும் தேடினேன், வேறு இல்லை. ஒரு ஷ்யாம் ஒரு முறை குப்புற விழுந்தால் எல்லாம் முடிந்துவிடும்.

இவ்வளவு தெரிந்தும் அந்தப் படத்தைக் குழுவில் ஏன் போட்டாய் என்று கேட்பீர்கள். ஷ்யாம் அந்த வாரம் ஒரு நித்தியகல்யாணியைப் போட்டு ‘அரிய காட்டு மலர்’ என்று எழுதியிருந்தான். நித்தியகல்யாணி! பார்த்ததும் என் கை சும்மா இருக்கவில்லை. இடத்தின் எண்களைத் துடைத்துவிட்டு, கொஞ்சம் நிழலை மட்டும் தூக்கிக்கொடுத்து, அரிது என்றால் இதுதான் என்று காட்டுவதற்காக அனுப்பினேன்.

உடனே ஷ்யாம் கேட்டான்: “லொகேஷன்?”

சொல்வதற்கில்லை என்றேன். விடவில்லை. “லொகேஷன் இல்லாத படம் நம்ம ரூல்ல செல்லாதே பாலு சார்,” என்று எல்லோர் முன்னாலும் எழுதினான். எனக்குத் தனியாக இன்னொன்று: “உங்க அம்மா வீடு கருங்குழிதானே? சண்டே சண்டே சர்ச் முடிஞ்சு அந்தப் பக்கம்தானே சுத்துவீங்க? நானே கண்டுபிடிச்சுக்குறேன், நோ இஷ்யூஸ்.”

நான் எந்தப் பாதையில் போவேன், எங்கே வண்டியை நிறுத்துவேன் என்பதெல்லாம் நான் முன்பு போட்ட படங்களின் சிவப்புப் புள்ளிகளாகச் சாரின் வரைபடத்தில் இருந்தன. ஒருவன் முனைந்தால் புள்ளிகளுக்கு நடுவில் மிச்சமிருக்கும் இடத்தைத் தேடிவிடலாம்.

பாலசுப்ரமணியன் சார் போன் செய்தார். “பாரும்மா, விஞ்ஞானத்தில் ரகசியம் கூடாது. அறிவு பொதுச் சொத்து. நீயே விதியைச் சோதிக்கிறவள், நீயே மீறலாமா?”

“அங்க ஒரே ஒரு கொடிதான் சார் இருக்கு. மிதிச்சிடுவாங்க.”

“நம்ம மெம்பர்ஸா? எல்லாரும் இயற்கையை நேசிக்கிறவங்கம்மா.”

என் கணவன் சாம் ரயில்வேயில் சிக்னல் பிரிவு. பூ என்றால் அவனுக்குக் கல்லறைத் திருநாளுக்கு வாங்கும் சாமந்தி மட்டும்தான். நான் போனை வைத்ததும் தட்டிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டான்.

“இன்னாவாம் சயின்டிஸ்டுக்கு?”

“எடம் சொல்லணுமாம்.”

“சொல்லித் தொலையேன்.”

“சொன்னா அந்த ஷ்யாம் வந்து வுழுவான்யா. பிச்சிப் போட்டுப் போவான்.”

“அப்போ வேற எடத்த சொல்லு. படத்துல எடம்ன்றது வெறும் நம்பர்தான்னு நீதான சொல்லிகினு கீற?”

“நான்தான் சாம் செக் பண்றவ. நானே மாத்தினா எப்படி?”

“திருடனுக்குப் பூட்டு எங்க கீதுன்னு காட்றவ நல்லவளா? போமே,” என்று கையை நக்கினான்.

அவன் சொன்னது சரிதான். படம் எடுக்கும்போது போன் வானத்துச் செயற்கைக்கோள்களைக் கேட்டு, தான் நிற்கும் இடத்தை இரண்டு எண்களாகப் படத்தின் உள்ளே எழுதி வைக்கிறது. படத்தைச் சாதாரணமாக வாட்ஸப்பில் அனுப்பினால் அந்த எழுத்து உதிர்ந்துவிடும். கோப்பாக அனுப்பினால் ஒட்டிக்கொண்டே போகும். இலவசமாகக் கிடைக்கும் ஒரு மென்பொருளில் அந்த எண்களைத் திறந்து வேறு எண்களைத் தட்டிச் சேமித்தால் முடிந்தது. நான் படாளத்துக்குப் பக்கத்தில், ஏரிக்கரையை ஒட்டி, யாரும் பயிர் வைக்காமல் விட்ட ஒரு தரிசைத் தேர்ந்தெடுத்தேன். கருங்குழியிலிருந்து தூரமில்லை, நம்புவார்கள். அங்கே மிதித்துக் கெடுக்க ஒன்றுமில்லை. அந்த எண்களோடு கோப்பைச் சாருக்கு அனுப்பினேன்.

அடுத்த ஞாயிறு குழுவே அங்கே போனது. தொப்பி, முழங்கால் உறை, ஒருவர் கையில் குடை. நானும் கூடப் போனேன். போகாவிட்டால் சந்தேகம் வரும். கொடி இல்லை. மாடு மேய்ந்திருக்கும் என்றேன். சார் மாட்டைப் பற்றிப் பேச ஆரம்பித்தார். ஷ்யாம் மட்டும் பின்தங்கி, தரிசின் மறு ஓரத்தில் குப்புற விழுந்து கிடந்தான். அவன் எழுந்து வந்தபோது விரல்நுனி பச்சையாக இருந்தது.

அன்று மாலையே குழுவில் எழுதினான்: “கெஸ் வாட். கெடைச்சிடுச்சு. கடைசி ஒரே ஒரு பூ. கண்காட்சியில் பாருங்கள்.”

அதை இரண்டு முறை படித்தேன். படாளத்தில் நிஜமாகவே இருந்திருக்குமோ? நானே கண்டுபிடிக்காத இடத்துக்கு நானே அவனைக் கொண்டுபோய் விட்டேனோ?

படமும் ஒரிஜினலும் சில நாளில் எனக்குச் சோதனைக்கு வந்தன. திறந்ததும் சிரித்துவிட்டேன்.

அது ஆடுதின்னாப்பாளை. வயல் வரப்பில் சாதாரணமாகக் கிடக்கும் செடி. அதற்கும் குழாய் போன்ற பூ உண்டு. அதுவும் ஈயைப் பிடித்து வைத்துப் பிறகு விடும், ஆனால் அது வேறு குடும்பம். அதன் குழாய் உச்சியில் கறுத்த ஊதா நிறத்தில் ஒற்றை நாக்கு மட்டும் நீண்டிருக்கும். கூண்டு கிடையாது. ஷ்யாமுக்குக் கூண்டு வேண்டும், என் படத்தில் இருந்ததால். அதற்காக நாக்கு ஒரு பக்கம் வளைந்திருந்த பாதிப் படத்தை வெட்டி, கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி, மறு பாதியாக ஒட்டியிருந்தான். இரண்டு நாக்கும் உச்சியில் சந்தித்துக்கொண்டன. கூண்டு தயார். பிறகு கறுத்த ஊதாவைப் பிழிந்து மஞ்சளாக்கி, கிளிசரின் துளிகளைப் பளபளக்க வைத்திருந்தான்.

எல்லாம் சரி. ஆனால் இடது நாக்கில் ஒரு ஈ உட்கார்ந்திருந்தது. வலது நாக்கில் அதே ஈ, அதே உயரத்தில், அதே காலைத் தூக்கிக்கொண்டு, எதிர்ப்பக்கம் பார்த்தபடி. ஒரு சிறகில் சின்னக் கிழிசல், இரண்டிலும். ஒரிஜினல் என்று அவன் அனுப்பியிருந்த கோப்பும் இதையேதான் கொஞ்சம் மங்கலாக்கிச் சேமித்தது. எந்த மென்பொருளில் சேமித்தான் என்ற பெயரைக்கூட அழிக்கத் தெரியவில்லை. பூவைப் பறிக்கத் தெரிந்தவனுக்குப் பொய்யை ஒழுங்காகச் செய்யத் தெரியவில்லை.

நான் திரும்பத் திரும்பப் பெரிதாக்கிப் பார்த்து மகிழ்ந்தேன். கூட்டத்தில் எழுந்து நின்று என்ன சொல்வேன் என்று வாக்கியம் வாக்கியமாகத் தயாரித்தேன். முதலில் ஈ. பிறகு கிழிசல். பிறகு மென்பொருளின் பெயர். கடைசியாக நித்தியகல்யாணி.

சாமிடம் காட்டினேன். உற்றுப் பார்த்தான்.

“ட்வின்ஸா?”

“ஒரே ஈதான்யா. காப்பி அடிச்சிகீறான். கூட்டத்துல நாறடிக்கப் போறேன் பாரு.”

“நாறடி, நாறடி. அப்புறம் அவன் இன்னா சொல்லுவான்?”

“இன்னா சொல்லுவான்?”

“நீ சொன்ன எடத்துல இந்தப் பூவே இல்ல, ஜெனிட்டா மேடம் பொய் எடம் குட்த்துச்சுன்னு சொல்லுவான். சொல்லமாட்டானா? அப்புறம் மொத்த கும்பலும் உன் வண்டி பின்னாலயே வரும்.”

நான் மடிக்கணினியை மூடினேன். அவன் படம் பொய் என்றால் என் இடமும் பொய். அவன் படம் உண்மையாக இருக்கும் வரைதான் அந்தக் கொடி படாளத்தில் இருந்தது. அதுவரை மாடு மேய்ந்தது உண்மை, கடைசிப் பூவை ஷ்யாம் எடுத்தது உண்மை. வேறெங்கும் தேட வேண்டியதில்லை. உண்மையான கொடியில் அப்போது ஒரே ஒரு சோடிக் கொம்பு பிடித்து, பச்சையாக, நாளுக்கு நாள் நீண்டுகொண்டிருந்தது.

கூட்டம் மார்கழியில் மாமல்லபுரம் ஹாலிலேயே நடந்தது. பகல் முழுக்க சன்னலுக்கு வெளியே சிற்பிகளின் உளிச்சத்தம். ஒவ்வொரு படமாகத் திரையில் வந்தது. ஆரஞ்சுப் பழ ஆவாரையை நிறுத்தினேன். வானத்தை மாற்றி ஒட்டிய ஒரு தும்பையை நிறுத்தினேன். அதை எடுத்தவர், அலுவலகத்தில் என்னைவிடப் பெரிய பதவியில் இருப்பவர், முகத்தைத் திருப்பிக்கொண்டார். எனக்கு அது பிடித்திருந்தது.

பிறகு ஷ்யாமின் படம் வந்தது. ஹாலில் ஒரு “ஆ” எழுந்தது.

“அந்தச் சமச்சீரைப் பாருங்கள்!” என்றார் பாலசுப்ரமணியன் சார். எழுந்தே நின்றுவிட்டார். “இடதும் வலதும் இம்மி பிசகவில்லை. இரண்டு பூச்சிகள்கூட எதிரெதிரே வந்து உட்கார்ந்திருக்கின்றன. இயற்கையைவிடப் பெரிய கணக்கு வாத்தியார் யார்?”

வாழ்நாள் முழுக்க அளந்து பார்ப்பதே வேலையாக இருந்த மனிதர். அவர் கண்ணுக்கு எதிரே சுவர் அளவுக்கு அந்த ஈ நிற்கிறது.

ஷ்யாம் அடக்கமாகச் சிரித்தான். பிறகு என்னைப் பார்த்தான். அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரிந்துவிட்டது என்று. கையிலிருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்தான், குடிக்காமலே மூடினான். அதைப் பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தது என்று சொல்ல முடியாது. நான் வேண்டுமென்றே கொஞ்சம் தாமதித்தேன்.

“என்னம்மா, ஒரிஜினல் பார்த்தாயா?” என்றார் சார்.

“பாத்தேன் சார்.”

“சொல்லு.”

நான் எழுந்து நின்றேன். தயாரித்த வாக்கியங்கள் எல்லாம் பல்லுக்குப் பின்னால் வரிசையாக நின்றன. அவற்றை விழுங்கினேன்.

“லேசான திருத்தம்தான்.”

கை தட்டினார்கள். ஷ்யாம் தண்ணீர் குடித்தான். டீ இடைவேளையில் என் பக்கத்தில் வந்து நின்று, “தேங்க்ஸ் ஜெனி,” என்றான். மேடம் போய்விட்டிருந்தது. “யூ ஹேவ் அன் ஐ.”

“உங்களுக்கு ரெண்டு ஈ,” என்றேன்.

அவனுக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. கப்பை வைத்துவிட்டு நகர்ந்தான்.

கண்காட்சியில் அந்தப் படத்துக்குத்தான் நடுச்சுவர். கீழே ‘படாளத்தின் கடைசி விளக்கு’ என்று எழுதியிருந்தார்கள். நான் குழுவில் ஈயும் குழாயும் பற்றி எழுதியிருந்த விளக்கத்தை ஷ்யாம் படத்தின் முன் நின்று பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். முடிகள் மேல்நோக்கி இருப்பதாகச் சொன்னான். அப்படி இருந்தால் ஈ எப்படி உள்ளே போகும் என்று ஒரு பிள்ளையும் கேட்கவில்லை, ஒரு ஆசிரியரும் கேட்கவில்லை. உண்மையான கொடியின் என் படம் கதவுக்குப் பின்னால், சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தது. கதவு திறந்திருக்கும் வரை அது தெரியாது. அது எனக்குச் சௌகரியமாகத்தான் இருந்தது, இரண்டு பூவையும் யாரும் ஒப்பிட்டுப் பார்க்கமாட்டார்கள்.

பொங்கல் கழிந்து ஒரு ஞாயிறு, சர்ச் முடிந்ததும் சாமையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். வழியெல்லாம் வெயிலைத் திட்டிக்கொண்டு வந்தான். கொடி இலையெல்லாம் உதிர்ந்து, முள்ளில் மாட்டிய நூல்போல் கிடந்தது. கொம்புகளில் ஒன்று முன்பே வெடித்துக் காலியாகியிருந்தது. மற்றது பாதி பிளந்திருந்தது. உள்ளே விதைகள் ஓடு வேய்ந்ததுபோல் ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன, ஒவ்வொன்றின் தலையிலும் மடித்து வைத்த வெள்ளைப் பட்டு. கடல் காற்று வரும்போது மேலே இருப்பது மட்டும் விரியும், நிமிரும், கிளம்பும். அது கிளம்பினால்தான் அடியில் இருப்பதற்குக் காற்று கிடைக்கும். ஒன்று சாமின் மீசையில் போய் ஒட்டியது.

“இத்துக்கா அந்தாளுக்குக் கை தட்ட வெச்ச?” என்று கேட்டான், அதை ஊதித் தள்ளிவிட்டு.

“ஆமா.”

“அடுத்த வருஷமும் வெப்பியா?”

பதில் சொல்வதற்குள் போனில் ஒரு மெசேஜ் வந்தது. ஷ்யாம்தான். “ஹாய் ஜெனி. நெக்ஸ்ட் சீஸனுக்கு புது ஸ்பாட் ஏதாவது? நமக்குள்ளயே வச்சுப்போம்.”

செங்கல்பட்டுக்குத் திரும்பும் வழியில், நெடுஞ்சாலையை ஒட்டி, கட்டிடம் கட்டச் சமன் செய்துவிட்டு அப்படியே போட்டுவிட்ட ஒரு மனை இருக்கிறது. அதில் நெருஞ்சி நன்றாக விளைந்திருந்தது. முள் காய்ந்து, தரையே தெரியாத அளவுக்குப் பரவிக் கிடந்தது. வண்டியை நிறுத்தி, நடுவில் பூத்திருந்த ஒரு மஞ்சள் நெருஞ்சியை எடுத்தேன். சுற்றியிருந்ததை எல்லாம் வெட்டி, நிழலைக் கொஞ்சம் தூக்கி, நிறத்தை ஒரு நூல் அளவு இழுத்து, இடத்தின் எண்களை மட்டும் தொடாமல், கோப்பாகவே அவனுக்கு அனுப்பினேன்.

‘ரொம்ப அரிது’ என்று எழுதினேன். ‘படுத்துத்தான் எடுக்க முடியும்.’